எதிர்த்தவர்கள் சொன்னது

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கட்சியின் கொள்கை அறிக்கை அச்சுக்குப் போகும் நேரத்தில், நிறுவனர்களின் பெயர்களை அதில் போடவே கூடாது என்று அவர் வாதாடினார். "பேரு போட்டா நாளைக்கு அது படமாவும். மறுநாள் படத்துக்கு மாலை விழும். நமக்கு எதுக்கு அந்தச் சோலி?" என்றார். ஓட்டெடுப்பில் தோற்றார். பெயர்கள் அச்சாயின, அவருடையதும் சேர்த்து. அந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவின் டாலிகஞ்சிலும் பாலிகஞ்சிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவரும் அவர்தான். அவர் இப்போது உயிரோடு இல்லை. இந்தக் கட்டுரைக்குள்ளாவது அந்த ஒரு விஷயத்தில் அவர் ஜெயிக்கட்டும்.

கட்சியில் எல்லோரும் அவரைத் திதிமணி என்பார்கள். பள்ளிக்கூட ஆசிரியையை வங்காளிகள் அழைக்கும் சொல் அது. நான் மட்டும் டீச்சர் என்பேன். பாளையங்கோட்டைக்காரர். பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பருத்திச் சேலை, அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. மைதானத்தின் மறுகோடிக்கு எட்டுவதற்காகவே வளர்ந்த குரல். நாலு பேர் இருக்கும் அறையிலும் அந்தக் குரல் ஒரு சுற்றுக்கூடக் குறையாது. அவரிடம் ரகசியம் சொல்வது வீண். அவர் "அப்படியா சார்?" என்று கேட்கும் கேள்வியிலேயே பாதி தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

நான் மாயவரத்துக்காரன். கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் சொல்லிக்கொடுத்து வயதானவன். கூட்டங்கள் வங்காளியில்தான் நடக்கும். டீச்சரும் நானும் எங்களுக்குள் தமிழ் பேசிக்கொள்வோம். எல்லாவற்றையும் தமிழாகவே எழுதுகிறேன். அவர் வங்காளி பேசினாலும் என் காதுக்கு அது பாளையங்கோட்டையாகத்தான் கேட்கும்.

அவருடைய பழைய மாணவி ஒருத்தி எனக்கு ஒரு கதை சொன்னாள். பள்ளிகளுக்கிடையே கோ-கோ போட்டி. எதிரணியில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், ஆள் குறைகிறது. ஆள் குறைந்தால் ஆட்டம் இல்லை, ஆடாமலே இவர்கள் ஜெயித்ததாகிவிடும். டீச்சர் தன் அணியிலிருந்து ஒருத்தியை அவர்களுக்குக் கொடுத்தார். இருப்பதிலேயே வேகமாக ஓடுகிறவளாகப் பார்த்துக் கொடுத்தார். இவர்கள் தோற்றார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு, "உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா?" என்று கேட்டாராம். "சும்மா நிக்கவளக் குடுத்தா அது குடுத்ததாகுமா மேடம்?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டபோது நான் சிரித்தேன். அது வெறும் வேடிக்கையில்லை, அவருடைய மொத்த சுபாவமும் அதுதான் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. அதற்குள் நான் அவருக்குச் செய்ய வேண்டிய அநியாயத்தைச் செய்து முடித்திருந்தேன்.

கட்சி தொடங்கிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய கட்சிகளில் இருந்து அலுத்து வெளியே வந்தவர்கள் சிலர், எந்தக் கட்சியிலும் இல்லாமல் அலுத்தவர்கள் சிலர். கூடுவதற்கு இடம் கொடுத்தவர் டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்களுக்கு மேஜை நாற்காலி வாடகைக்கு விடும் ஒரு கோடவுன்காரர். தடித்த மீசை, மெல்லிய மனசு. எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். எந்த வாரம் எந்தப் படப்பிடிப்போ, அதற்கேற்பக் கோடவுனில் எங்களுக்கு மிச்சம் கிடைக்கும். ஒரு வாரம் ஜமீன்தார் நாற்காலிகள். ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில்கள். அலிப்பூர் கோர்ட்டில் வழக்காடும் ஒரு பெண் வக்கீல்தான் எங்கள் தலைவர். வேறு இருக்கை இல்லாமல் ஒரு நாள் சினிமா கோர்ட்டின் குற்றவாளிக் கூண்டுக்குள் நின்றபடியே அவர் கூட்டத்தை நடத்தினார். "கடைசியில் என்னையே இதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்களே," என்றார்.

அங்கே உட்கார்ந்துதான் கொள்கைகளை ஒவ்வொன்றாக வகுத்தோம். ஆட்சிக்கு வர ஓட்டு ஒன்றே வழி, ஆட்சியை விட்டு இறங்கவும் அதுவே வழி. தண்ணீர், மின்சாரம், வைத்தியம், படிப்பு ஆகியவை யாருடைய வியாபாரமும் ஆகக் கூடாது. உழைக்கிறவனுக்குத் தான் உழைக்கும் இடத்தை நடத்துவதில் பங்கு வேண்டும். சாதி, மதம், மொழி பார்த்து ஒருவரையும் ஒதுக்கக் கூடாது. கட்சிக்குள்ளும் பதவி ஓட்டால்தான் வரும், குறித்த காலத்தில் போய்விடும். இந்த அடிப்படைகளில் யாருக்கும் சண்டை இல்லை, எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதில்தான். வார்த்தைகளை நான் எழுதினேன். நன்றாக எழுதினேன் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

டீச்சர் ஒரே ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். கட்சி எந்த முடிவை அச்சிட்டாலும், அதே தாளில், அதே அளவு எழுத்தில், எதிர்த்துத் தோற்றவர்கள் சொன்னதையும் அச்சிட வேண்டும்.

நான் எழுதியிருந்தது இதற்கு நேர் எதிர். விவாதமெல்லாம் அறைக்குள் இருக்க வேண்டும், முடிவான பிறகு வெளியே ஒரே குரல்தான் கேட்க வேண்டும், மீறினால் நடவடிக்கை.

"டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே 'இந்த மருந்து வேண்டாம்' என்று சொன்ன இன்னொரு டாக்டரின் கருத்தையும் எழுதினால் நோயாளி என்ன செய்வான்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

"அந்த இன்னொரு டாக்டரத் தேடிப் போவான். போட்டுமே சார்," என்றார்.

என் காரணங்கள் பொய்யில்லை. கட்சிகள் உடைந்து உடைந்து தூளாவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். ஆனால் அடியில் இருந்த காரணம் வேறு. என் வாக்கியங்களுக்குக் கீழே, என்னுடையதற்குச் சமமான எழுத்தில், இன்னொருவருடைய மறுப்பு நிற்பதை என்னால் சகித்திருக்க முடியாது. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று. கல்கத்தாவில் நாலு மணிக் கூட்டம் என்றால் நாலே முக்காலுக்கு ஒருவர் வந்து, "யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போவார் என்று அர்த்தம். அன்று எல்லோரும் முன்னாலேயே வந்திருந்தார்கள், டீச்சர் மட்டும் இல்லை. தாதா சொன்னார்: "வழியில் பார்த்தேன். பக்கத்து ஹவுசிங் காலனி வாசலில் நிற்கிறார் திதிமணி. ஆட்டோ பேசிக்கொண்டிருக்கிறார், யாரையோ ஏற்றுவதற்கு."

எனக்கு உடனே பட்டது இதுதான்: ஓட்டு திரட்டுகிறார்! கணக்கு நூலிழையில் நிற்பது எனக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி நாலாகிவிட்டது. விதிப்படி தொடங்கலாம்," என்றேன்.

வக்கீல் தயங்கினார். "திதிமணி வரட்டுமே. அவர் கொண்டுவந்த விதியாயிற்றே."

"நேரத்தை நாமே மதிக்காவிட்டால் யார் மதிப்பார்கள்?" என்றேன். எழுபது வயதுக்காரனின் கறாரான குரல். யாரும் மறுக்கவில்லை. மகாராஜா படத்துக்காகச் செய்த கஜானாப் பெட்டியில் சீட்டுகளைப் போட்டோம். எண்ணினோம். டீச்சரின் விதி ஒரே ஓட்டில் தோற்றது.

எண்ணி முடித்த நேரத்தில் படிக்கட்டில் சத்தம். காலனி வாலிபர்கள் இருவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற டிராம் கண்டக்டர், எங்களில் எல்லோருக்கும் மூத்த உறுப்பினர். ஜேட்டு என்போம், பெரியப்பா என்று பொருள். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர். மூட்டு வலியால் மாதக்கணக்கில் கீழே இறங்காதவர். பின்னால் டீச்சர், ஒரு கையில் ஜேட்டுவின் செருப்பு, இன்னொரு கையில் அவருடைய குடை.

"ஓட்டு முடிஞ்சிட்டா?" என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

வக்கீல் கஜானாப் பெட்டியைக் காட்டினார். ஜேட்டு சொன்னார். "முடிஞ்சுபோச்சா? என்ன அநியாயம்! மூணு மாடி இறங்கி வந்திருக்கிறேன், இந்தப் பொம்பளைக்கு எதிராக ஓட்டுப் போடுவதற்கு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜேட்டு என் பக்கம். கட்சி ஒரே குரலில்தான் பேச வேண்டும் என்பதில் என்னைவிடப் பிடிவாதக்காரர். அது டீச்சருக்கு நன்றாகத் தெரியும். முந்தின வாரம்கூட இரண்டு பேரும் இது பற்றிப் போனில் சண்டை போட்டிருக்கிறார்கள். என்னுடைய ஓட்டை எனக்குக் கொண்டுவந்து சேர்க்கத்தான் அவர் அந்த மதியம் முழுக்க அலைந்திருக்கிறார். நான் கடிகாரத்தைக் காட்டி அவருடைய ஓட்டை இல்லாமல் செய்துவிட்டேன்.

"ஏன் டீச்சர்? அவர் உங்களுக்கு எதிராகத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கென்ன சார்? அவரு வராம நான் ஜெயிச்சா, அவரு மூட்டு வலிய ஜெயிச்ச மாதிரிதானே. அவர ஜெயிச்ச மாதிரி ஆவுமா?" என்றார்.

பிறகு வக்கீலைப் பார்த்து, "இன்னொரு தடவ எடுப்போம். ஜேட்டு ஓட்டு வீணாப் போவக் கூடாது," என்றார். தன் ஓட்டு வீணானதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடியும் எடுத்தோம். டீச்சரின் ஓட்டு ஒரு பக்கம் கூடியது, ஜேட்டுவின் ஓட்டு மறுபக்கம் கூடியது. விதி அதே ஒரு ஓட்டில் தோற்றது. அறையில் இருந்த எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். டீச்சர் தனியாக, நேரத்துக்கு வந்திருந்தால் சரிக்குச் சரி. சரிக்குச் சரி என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பது எங்கள் வழக்கம். அவருடைய விதியை அவரே நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து தோற்கடித்திருக்கிறார்.

ஜேட்டுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பார்த்தாயா, வந்ததற்குப் பலன்!" என்றார். டீச்சர் அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டு, "நல்லா இரும். அடுத்த மாசமும் கூட்டி வாரேன், அப்பவும் தோக்கடியும்," என்றார்.

நான் கடிகாரம் பார்த்த காரணத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

தோற்ற பிறகு அவர் எப்படி இருப்பார் என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயமாக இருந்தது. தோற்றால் மௌனமாகிவிடுவது என் வழக்கம். பெருந்தன்மை போலத் தோன்றும் மௌனம். அவர் தோற்றால் பசி எடுக்கும். அன்று சாயங்காலம் தெருமுனையில் இரண்டு தட்டு புச்கா சாப்பிட்டார். வடக்கே பானிபூரி என்கிற அதே பண்டம்தான். புளித்தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "அறிக்கை எப்ப அச்சாவும் சார்? கொண்டு போய்க் குடுக்க ஆளு வேணும்லா?" என்று கேட்டார்.

அச்சானதும் அவர் அதை எடுத்துக்கொண்டு போன ஓர் இடத்தில் நானும் தற்செயலாக இருந்தேன். லேக் மார்க்கெட் பக்கம், முறுக்கும் காப்பிப்பொடியும் விற்கும் ஒரு தமிழர் கடை. நான் ஓரமாக நின்று காப்பிப்பொடி அரைபடக் காத்திருந்தேன். டீச்சர் என்னைக் கவனிக்கவில்லை.

"என்ன டீச்சர், உங்க கட்சி வந்தா என் கடையைப் பிடுங்கிக்குமாமே?" என்றார் கடைக்காரர்.

"உம்ம கடையத் தூக்கிட்டுப் போயி நாங்க எங்க வைக்க? முறுக்கு சுடுதாவள்லா, அவியளுக்கும் கடைய நடத்துததுல பங்கு வேணும்னு சட்டம் வரணும்ங்கோம்."

"என்கிட்ட வேலை செய்யுறவங்களை நான் என்ன கொறை வச்சிருக்கேன்? கல்யாணம் காட்சிக்கெல்லாம் செய்யுறேன்ல?"

"நீரு நல்லவரு. யாரு இல்லங்கா? உம்ம மகன் நாளைக்கு இந்த எடத்த பில்டருக்கு வித்துட்டு அமெரிக்கா போனாம்னா இவிய எங்க போவாவ? ஒருத்தர் மனசு நல்லா இருக்கத நம்பிப் பொழைக்காம, சட்டத்த நம்பிப் பொழைக்கட்டும். அவ்வளவுதான் விஷயம்."

கடைக்காரர் யோசித்தார். மகனைப் பற்றிய பேச்சு சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நானும் யோசித்தேன். அது என் வாதம். அறிக்கையில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். என் இரண்டு பக்கத்தில் இல்லாத சூடு இந்த நாலு வாக்கியத்தில் இருந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், கூட்டத்தில் அந்தப் பகுதியை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசியவர் அவர். சட்டம் போட்டுத் திணிக்கக் கூடாது, அந்தந்த இடத்துத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு விரும்பினால் மட்டும் என்பது அவருடைய வாதம். தோற்றிருந்தார்.

"நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"நான் நினைக்கது என் வீட்டுல இருக்கு. இங்க வந்து நிக்கது கட்சி," என்றார் டீச்சர். "சரி, அரைக் கிலோ தேங்குழல் போடும். கொஞ்சம் முறுகலா இருக்கத எடும்."

ஒரே குரல் என்று நான் எழுதிய விதியைக் கட்சியில் முழுசாகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். தன் விஷயத்தில் கடைசிவரை மீறவே இல்லை. மீறியது ஒரு தடவை, எனக்காக.

காலனியை ஒட்டி ஒரு குளம். அதன் ஒரு பகுதியைத் தூர்த்து இலவச மருத்துவமனை கட்ட ஒரு தர்ம ஸ்தாபனம் முன்வந்தது. ஆதரிப்பதா என்று கட்சியில் விவாதம். நான் எதிர்த்தேன். டீச்சர் ஆதரித்து ஓட்டுப் போட்டார். நான் தோற்றேன், நல்ல வித்தியாசத்தில். அதன் பிறகு கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். இரத்தக் கொதிப்பு என்று சொல்லி அனுப்பினேன். கொதித்தது இரத்தம் இல்லை.

ஒரு நாள் காலை டீச்சர் என் பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டு முடித்தார். "இப்ப சொல்லுங்க சார். அந்தக் குளத்தைத் தொடக் கூடாதுங்கதுக்கு உங்க காரணம் என்ன? முழுசாச் சொல்லுங்க. அன்னைக்குக் கோவத்துல பாதிதான் சொன்னீங்க."

"தோற்றுப்போன பேச்சு டீச்சர். எதற்கு?"

"எனக்குத் தெரிஞ்சுக்கிடணும்."

சொன்னேன். மழைக்காலத்தில் அந்தப் பகுதித் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் இடம் அது ஒன்றுதான். காலனிப் பெண்கள் பாத்திரம் கழுவுவதும், மீனவர் கூட்டுறவு ஒன்று மீன் வளர்ப்பதும் அங்கேதான். ஒரு பொதுச் சொத்தை அழித்து இன்னொரு பொதுச் சொத்து செய்தால் கணக்கில் என்ன கூடுகிறது? அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அடுத்த வாரம் குளக்கரையில் தெருமுனைக் கூட்டம். கட்சியின் முடிவை விளக்க டீச்சரைத்தான் போட்டிருந்தார்கள். விளக்கினார். ஆஸ்பத்திரி ஏன் வேண்டும் என்பதை, கேட்டவர்கள் கண் கலங்கும்படி விளக்கினார். பிறகு, "இத எதிர்த்தவரு ஒருத்தரும் எங்க கட்சியில இருக்காரு. அவரு சொன்னதையும் கேட்டுக்கிடுங்க," என்று ஆரம்பித்து, நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். மைக்கே தேவைப்படாத அந்தக் குரலில். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "இதை எங்களிடம் யாரும் சொல்லவே இல்லையே!" என்றாளாம்.

தாதா கொதித்துப்போய்ப் புகார் கொடுத்தார். விதி மீறல். விசாரிக்க மூன்று பேர்: வக்கீல், தாதா, விதியை எழுதியவன் என்பதால் நான். அந்த வாரம் கோடவுனில் பள்ளிக்கூட பெஞ்சுகள்தான் மிச்சம். டீச்சர் முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"தப்புதான். விதி தெரிஞ்சே பேசினேன்," என்றார்.

"ஏன் பேசினீர்கள்?" என்றார் வக்கீல்.

"என் கருத்துன்னா வீட்டுல வச்சிக்கிடுவேன். இது அவரு கருத்து. அவரு வீட்டுல கெடந்து புழுங்குதாரு."

தாதா என்னைப் பார்த்தார். இதற்கு மேலும் நான் சும்மா இருந்தால் மனுஷனே இல்லை என்று பட்டது. சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடிகாரத்தைக் காட்டியது நேரத்தின் மேல் உள்ள மரியாதையால் அல்ல. டீச்சர் ஆள் சேர்க்கிறார் என்று பயந்து செய்தேன். இந்த விதியை எழுதியதும் கட்சிக்காக மட்டும் அல்ல. என் எழுத்துக்கு அடியில் இன்னொருவர் எழுதுவது பிடிக்காமல் எழுதினேன். டீச்சர் அன்று தோற்ற விதியை இப்போது நானே கொண்டுவருகிறேன். இவரைத் தண்டிக்கக் கூடாது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாதாவின் மீசைகூட இளகிவிட்டது. "விட்டுவிடலாம்," என்றார்.

விடாதவர் டீச்சர்தான்.

"எப்படி விடுவிய? விதி இருக்க வரைக்கும் விதி. இன்னைக்கு என்ன விட்டுட்டா, நாளைக்குப் பிடிக்காதவன் ஒருத்தன் பேசும்போது மட்டும் பிடிப்பியளா?"

"டீச்சர், உங்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்," என்றேன்.

"நல்லாப் பேசுதிய சார். கேக்க சந்தோஷமா இருக்கு. ஆனா தண்டனையப் போடுங்க."

மூன்று மாதம் உறுப்பினர் உரிமை நிறுத்தம். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, ஆட்டம் முடிந்த பிறகு நடுவரிடம் செய்வதுபோல, எங்கள் மூன்று பேருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

என் திருத்தம் ஓட்டுக்கு வந்தது அந்த மூன்று மாதத்துக்குள். அவருக்கு ஓட்டு இல்லை, மேலே வரவும் அனுமதி இல்லை. ஆனாலும் ஜேட்டுவை எப்போதும்போல நாற்காலியில் கூட்டிவந்து மேலே அனுப்பிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். தாதா எதிர்த்துப் பேசினார். ஜேட்டுவும்தான். எண்ணிப் பார்த்தபோது விதி நிறைவேறிவிட்டது. நான் படியில் எவ்வளவு வேகமாக இறங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

"ஜெயித்துவிட்டீர்கள் டீச்சர்!"

அவர் மண் குவளையைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, "எதிர்த்துப் பேசினது யாரு? என்ன சொன்னாவ?" என்றார்.

"அது எதற்கு இப்போது?"

"என்ன சார் இது? இந்த முடிவ அச்சடிக்கணும்லா? அடிச்சா அதே தாள்ல அவிய சொன்னதும் வரணும்லா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தோற்றவர் கருத்தை அச்சிட வேண்டும் என்ற விதியின் கீழ் முதலில் அச்சாக வேண்டியது, தோற்றவர் கருத்தை அச்சிடக் கூடாது என்ற கருத்து.

தாதாவைக் கீழே கூப்பிட்டோம். அவர் கையை உதறினார். "முடியாது திதிமணி! அச்சிடக் கூடாது என்று பேசியவன் நான். என் பேச்சை அச்சிட நானே சம்மதித்தால் நான் பேசியதற்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் இருக்குன்னுதானே அச்சிடுதோம்?"

"அதுதான் வேண்டாம் என்கிறேன்!"

"அதையும் சேத்து எழுதிக்கிடுவோம் தாதா."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் தாதா சிரித்துவிட்டார். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தாதாவின் வாதம், ஒரு காலத்தில் என்னுடையதாக இருந்த அதே வாதம். எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேணும்னே நோஞ்சானா எழுதியிருக்கிய சார். நீங்க அன்னைக்கு இத எவ்வளவு நல்லாச் சொன்னிய! எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டுட்டு."

மறுபடியும் எழுதினேன். முழு பலத்தோடு, என் கண்ணால் பார்த்த பிளவுகளையெல்லாம் நினைத்து எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் நேர்மையான ஒரு பக்கம் உண்டென்றால் அதுதான். மேல்பாதியில் விதி. கீழ்பாதியில் 'எதிர்த்தவர்கள் சொன்னது'. தாதா படித்துப் பார்த்து, "நான் இவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே தெரியாது," என்றார்.

ஆஸ்பத்திரி இப்போது குளத்தின் ஒரு கரையில் வந்துவிட்டது. இரத்தக் கொதிப்புக்கு நான் அங்கேதான் போகிறேன். நல்ல டாக்டர். மழைக்காலத்தில் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று ஆகிவிட்டது.

டீச்சரின் மூன்று மாதம் முடிந்து அவர் திரும்பி வந்த முதல் கூட்டத்தில், டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் விதி அச்சான அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். உறுப்பினராகச் சேர வேண்டும் என்றார்.

"ஆனால் ஒன்று. மேலே எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே எழுதியிருப்பதுதான் சரி. இப்படிப்பட்டவனைச் சேர்த்துக்கொள்வீர்களா?"

"ஆரே, என் ஆள்!" என்று எழுந்துவிட்டார் தாதா. வக்கீல் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எடுத்துச் சொல்லி, கீழ்பாதியில் உள்ள ஓட்டைகளைக் காட்டி, அவரை மேல்பாதிக்குக் கொண்டுவந்துவிட என்னால் முடியும். அந்த ஓட்டைகள் எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

டீச்சர் முந்திக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அவருடைய விதியை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தேடி வந்திருக்கிறார்.

"இருங்க. ஏன் சரிங்கிய? மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார்.

ஆட்டோக்காரர் உட்கார்ந்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நீளமான பேச்சு. அதில் பாதி தப்பு என்று எனக்குப் பட்டது. முடியும்வரை வாயைத் திறக்காமல் கேட்டேன்.